மத்தியான ஸ்பானிஷும் மிதிக்க மறுத்த காலும்

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பனிச்சப்பாத்துகளைக் கழற்றி வாசலில் எறிந்துவிட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்ததும், வகுப்புக் கதவில் தொங்கும் அட்டையைக் கதவுப் பொறுப்பாளர் திருப்பிவிடுவார். கதவுப் பொறுப்பாளருக்கு வயது ஆறு. அட்டையின் நீலப் பக்கம் இங்கிலீஷ், செம்மஞ்சள் பக்கம் ஸ்பானிஷ். செம்மஞ்சள் தெரிந்த நொடியிலிருந்து வீடு போகும்வரை அந்த அறைக்குள் ஒருவரும் இங்கிலீஷ் பேசக்கூடாது. ரீச்சருக்கும் அதே சட்டம், உதவி ரீச்சருக்கும் அதே சட்டம். ஒருநாள் தண்ணீர்க் குழாய் திருத்த வந்த மனிதர் தெரியாமல் வாயைத் திறந்துவிட்டார். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண் இடுப்பில் கைவைத்து அவர் முன்னால் போய் நின்று அட்டையைக் காட்டினாள். பாவம், அவர் மிச்ச வேலையைக் கைச்சாடையிலேயே முடித்துவிட்டுப் போனார்.

நான் அங்கே உதவி ரீச்சர். சரியாகச் சொன்னால், உதவி ரீச்சராக ஆசைப்பட்டு மூன்று மாதத் தவணையில் நின்றவள். ரொறன்ரோவில் இங்கிலீஷையும் ஸ்பானிஷையும் சரிபாதியாகப் படிப்பிக்கிற சின்னப் பள்ளிக்கூடம் அது. முன்பு இருந்த உதவியாளர் திடீரென்று விட்டுவிட்டுப் போனதால் காலை நேரத்துக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். மத்தியானத்திலும் கூடவே நின்று பார்த்து, மூன்று மாதத்துக்குள் அந்த நேரத்தையும் தனியாக நடத்துகிற அளவுக்கு ஸ்பானிஷ் பழகினால் வேலை நிரந்தரம், பழகாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவோம் என்பது பேச்சு. நான் உடனே தலையாட்டிவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு ஸ்பானிஷில் தெரிந்தது 'ஓலா' மட்டும்தான்.

தலையாட்டாமல் என்ன செய்வது? பதினொரு வருடம் மார்க்கம் நகரத்தில் ஒரு பிளாஸ்ரிக் பக்டரியில் தயிர்ப் பேணி மூடிகளைப் பெட்டியில் அடுக்கியவள் நான். நாற்பது வயது தாண்டி, வேலை முடிந்து பின்னேரக் கொலிஜுக்குப் போய்ச் சின்னப்பிள்ளைகளைப் பராமரிக்கிற படிப்பை முடித்தேன். படிப்பு முடிந்த பிறகு இரண்டு இடத்தில் தற்காலிகமாக நின்றேன். இரண்டு இடத்திலும் "கூப்பிடுகிறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. ஒவ்வொரு முறையும் பக்டரிக்கே திரும்பிப் போனேன். அங்கே எங்களை மேய்க்கிற அண்ணை இந்த முறையும் ஒன்றும் கேட்காமல் விட்டார்.

"மூண்டு மாசத்துக்கு உம்மட இடத்தைப் பிடிச்சு வைக்கிறன் பிள்ளை. சரிவரேல்லையெண்டால் கூச்சப்படாமல் வாரும். இந்த முறையோட மேலிடம் கத்தும், பிறகு என்னால ஏலாது."

நல்ல மனிதர். ஆனால் 'சரிவரேல்லையெண்டால்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த முறை சரிவரத்தான் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

வகுப்பைப் பார்த்த முதல் நாளே எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. என்ன ஒழுங்கு! அதற்குள் என்ன குதூகலம்! ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு. ஒருத்தி வரிசைக்கு முன்னால் போவாள், ஒருவன் பென்சில் சீவுவான், ஒருவன் ஜன்னலால் எட்டிப் பார்த்து அன்றைய வானிலையை அறிவிப்பான். மார்கழி மாதத்து ரொறன்ரோவில் அவனுக்குச் சொல்ல ஒரே ஒரு செய்திதான் உண்டு, "ஆசே ஃப்ரீயோ", குளிர். அதையும் ஒவ்வொரு நாளும் இப்போதுதான் கண்டுபிடித்தவன் போலக் கத்திச் சொல்வான். கண் பார்க்கவேண்டும், காது கேட்கவேண்டும், கை மடியில் இருக்கவேண்டும் என்று சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தது. ரீச்சர் கைதட்டினால் அத்தனை பேரும் திருப்பிக் கைதட்டிவிட்டு அமைதியாகிவிடுவார்கள். எனக்கு அது மந்திரமாகத் தெரிந்தது. வீட்டில் என் மகளுக்குக் கைதட்டிப் பார்த்தேன். ஃபோனிலிருந்து தலையையே நிமிர்த்தவில்லை.

மத்தியான ரீச்சர் கொலம்பியாக்காரி. பிள்ளைகள் அவரை 'மாஎஸ்த்ரா' என்பார்கள், ரீச்சர் என்றுதான் அர்த்தம். கண்டவுடன் கட்டிப்பிடிக்கிற ஆள். அவர் பலகையில் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு சந்தோஷம் காத்திருந்தது. மா, மே, மீ, மோ, மூ! எங்கள் அரிவரி வகுப்பு அல்லவா இது! இங்கிலீஷ் மாதிரி ஒன்றை எழுதிவிட்டு வேறொன்றை வாசிக்கிற கள்ளத்தனம் ஸ்பானிஷுக்கு இல்லை. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். அன்றைக்கே மத்தியானத்து நிகழ்ச்சி முழுவதையும், வணக்கத்திலிருந்து வழியனுப்பும் பாட்டுவரை, தமிழ் எழுத்தில் எழுதி எடுத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே படிப்பைத் தொடங்கினேன். பாடமாக்கினேன்.

யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் விஞ்ஞானத்தையே வரி பிசகாமல் பாடமாக்கி ஒப்புவித்தவர்கள். வீட்டுக்குப் பக்கத்தில், மில்லிக்கனில் பஸ் ஏறினால் பள்ளிக்கூடம் வரும்வரை என் வாய் முணுமுணுத்தபடியே இருக்கும். பக்கத்தில் இருந்த ஒரு அன்ரி கொஞ்ச நேரம் என்னை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"என்ன பிள்ளை, விரதமோ?"

"இல்லை அன்ரி, ஸ்பானிஷ்."

"உந்த வயசிலயோ! நல்லது, நல்லது, விடாதையும்."

விடவில்லை. ஆனால் பாடமாக்கியதில் ஒரு வில்லங்கம் இருந்தது. இடையில் யாரும் குறுக்கிட்டால் எனக்கு இழை அறுந்துவிடும். மாஎஸ்த்ரா எனக்குக் கொஞ்ச நேரம் வகுப்பை விட்டுக்கொடுத்த ஒருநாள், தேதி சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருவன் எழுந்து கழிப்பறைக்குப் போகக் கேட்டான். போகவிட்டேன். அதன் பிறகு எந்த வரியில் நின்றேன் என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் 'மத்தியான வணக்கம் பிள்ளைகளே' என்று முதலிலிருந்து தொடங்கினேன். பிள்ளைகளும் ஒரு கூச்சமும் இல்லாமல் இரண்டாம் தரமும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். மாஎஸ்த்ரா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதைச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். சமாளிக்க முடியாத ஒன்று வேறு இருந்தது.

ஒவ்வொரு மத்தியானமும் பாட்டும் தேதியும் முடிந்ததும் மாஎஸ்த்ரா எழுத்து அட்டைகளை நிலத்தில் வரிசையாகப் பரப்புவார். பிள்ளைகள் ஒவ்வொரு அட்டையிலும் ஏறி நின்று அதிலுள்ள எழுத்தைக் கத்திவிட்டு அடுத்த அட்டைக்குப் பாய்வார்கள். 'மா'வில் ஒரு கால், 'மே'யில் ஒரு கால். வகுப்பிலேயே அவர்களுக்கு அதிகம் பிடித்த விளையாட்டு அதுதான். முதல் நாள் அதைப் பார்த்தபோது நான் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றேன். எழுத்தின் மேல் காலா?

நான் ஒன்றும் பெரிய பக்தி உள்ளவள் இல்லை. றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு வருடத்தில் ஒருமுறை, அதுவும் யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனால்தான். சரஸ்வதி வந்து கண்ணைக் குத்துவாள் என்று நினைக்கிற வயதும் இல்லை. ஆனால் காலுக்கு அது தெரியாது. பஸ்ஸில் ஒரு இலவசப் பேப்பர் காலில் பட்டால்கூட, என் கை தன்பாட்டில் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். அதில் இருப்பது வீடு விற்கிறவரின் படம்தான், என்றாலும் ஒற்றிக்கொள்ளும். அப்படிப்பட்ட காலை 'மா'வில் ஏறி நில் என்றால் எங்கே நிற்கப் போகிறது?

வீட்டில் மகளிடம் சொன்னேன். இங்கே பிறந்து பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவள்.

"அம்மா, அது ஜஸ்ற் லமினேற் பண்ணின பேப்பர். ரிலாக்ஸ்."

"அப்பிடியோ? அந்தா கிடக்குது உன்ர மத்ஸ் புத்தகம். ஏறி நில் பாப்பம்."

மத்ஸை அவள் மனமார வெறுப்பவள். துள்ளி எழுந்து போனாள். காலைத் தூக்கினாள். பிறகு மெதுவாகப் பக்கத்தில் இறக்கினாள்.

"ஓகே, திஸ் இஸ் வியர்ட்," என்றாள். "ஆனா அது டிஃபரென்ற், அம்மா."

மாஎஸ்த்ராவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கட்டிப்பிடித்து, "பரவாயில்லை, நீங்கள் செய்யவேண்டாம்" என்றிருப்பார். எனக்கு அதுதான் பயம். 'இவருக்கு இது இயலாது' என்று ஒருவர் அன்பாகச் சொல்லத் தொடங்கினால், அந்த அன்பிலேயே வேலை போய்விடும். முந்தின இரண்டு இடத்திலும் எல்லோரும் என்னோடு மிகவும் அன்பாகத்தான் இருந்தார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு, விளையாட்டு நேரம் வந்தால் மராக்கா என்கிற கிலுகிலுப்பையைக் கையில் எடுத்து ஆட்டிக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவேன். தாளம் போடுகிறவர் பாயத் தேவையில்லை அல்லவா?

தவணை முடிகிற வெள்ளிக்கிழமை மத்தியானம், பள்ளித் தலைவி என்னைப் பார்க்க வந்தார். பிள்ளைகள் அவரைத் 'திரெக்தோரா' என்பார்கள். உயரமான பெண். எதிரே பேசுகிறவரைக் கண் இமைக்காமல் பார்ப்பார். பின்னால் ஒரு குட்டிக் கதிரையில், முழங்கால் நாடிக்கு வர உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டார். மாஎஸ்த்ரா அவருக்குப் பக்கத்தில் நின்று எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். அன்றைக்கு மத்தியானம் முழுவதும் என்னுடையது.

கதவுப் பொறுப்பாளர் அட்டையைத் திருப்பினார். நான் வணக்கம் சொன்னேன். இருபது குரல் திருப்பிச் சொன்னது. கைதட்டினேன், கைதட்டினார்கள். பாட்டு வந்தது, பின்னால் தேதி வந்தது, வானிலைக்காரன் குளிரை அறிவித்தான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. என் ஸ்பானிஷ் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது! எனக்கு உள்ளங்கால் எல்லாம் துள்ளியது. ஒருவருக்கும் கழிப்பறை வந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் என் பிரார்த்தனை. எழுத்து அட்டைகளைப் பரப்பினேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான் மராக்காவை எடுத்தேன்.

வரிசை அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வகுப்பில் எந்த வேலையையும் முதலில் பெரியவர் செய்து காட்டவேண்டும், பிறகுதான் பிள்ளைகள். அது எழுதாத சட்டம். ஒவ்வொரு நாளும் மாஎஸ்த்ரா முதல் ஆளாகப் பாய்ந்து காட்டுவார். இன்றைக்கு மாஎஸ்த்ரா நான். நான் பாயாமல் இவர்கள் பாயமாட்டார்கள். ஆறு வயதுக்காரருக்கு வழமை என்றால் வழமைதான். ஒருமுறை நான் காலண்டரை ஒரு சாண் தள்ளி மாட்டியதற்கே பெரிய கலவரம் நடந்தது.

முன்பல் இல்லாதவள்தான் வரிசையில் முதலாவது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாஎஸ்த்ரா," என்றாள். "தே தோகா."

உன் முறை.

மராக்காவைக் கீழே வைத்தேன். 'மா'வுக்கு முன்னால் போய் நின்றேன். இது பேப்பர், லமினேற் பண்ணின பேப்பர் என்று எனக்கு நானே சொன்னேன். தயிர் மூடிகளை நினைத்தேன். நிரந்தர வேலையை நினைத்தேன். காலைத் தூக்கினேன். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. இறங்கவில்லை. பின்னால் திரெக்தோராவின் பேனா எழுதுவதை நிறுத்திய சத்தம்கூட எனக்குக் கேட்டது. கோபம் வந்தது, என் கால் மேலேயே கோபம். பதினொரு வருடம் நின்ற கால், ஒரு நிமிடம் எனக்காக இதைச் செய்யக்கூடாதா?

செய்யவில்லை. மடங்கியது. யோசித்து ஒன்றும் செய்யவில்லை, சத்தியமாக. முழங்காலில் விழுந்தேன், இரண்டு உள்ளங்கையையும் தூக்கி 'மா'வின் மேல் பளார் என்று வைத்துக் கத்தினேன்.

"மா!"

உடனே வகுப்பு வெடித்தது. நான் நிற்கவில்லை. "மே!" முழங்காலை அட்டைகளுக்கு இடையில் தூக்கித் தூக்கி வைத்து, நாற்பத்தைந்து வயது மனுஷி நாலு காலில் போனேன். "மீ! மோ!" ஒவ்வொரு எழுத்துக்கும் பிள்ளைகள் என்னோடு சேர்ந்து கூரை அதிரக் கத்தினார்கள். கடைசியில் திரும்புகிறபோது என் கால் பெருவிரல் 'மூ'வில் தட்டிவிட்டது. கை தன் வேலையைப் பார்த்தது. தொட்டேன், கண்ணில் ஒற்றினேன், எழுந்தேன்.

முன்பல் இல்லாதவள் அதற்குள் முழங்காலில் நின்றாள். "மா!" அவளுக்குப் பின்னால் அடுத்தவன், அவனுக்குப் பின்னால் அடுத்தவள். இவ்வளவு நாளும் பாய்ந்த பிள்ளைகள் தவழ்ந்தார்கள், அறைந்தார்கள், கத்தினார்கள். கடைசி அட்டைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் 'மூ'வைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டுதான் எழுந்தார்கள். அதுவும் விளையாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். கொலம்பியாவும் மெக்சிகோவும் சிலியும் வரிசையாக வந்து எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

திரெக்தோரா எழுந்து வந்தார். என் கண்ணைக் காட்டிக் கேட்டார்.

"போர் கே?"

ஏன்? அந்தச் சொல் எனக்குத் தெரியும். அதற்குப் பதில்தான் நான் பாடமாக்கிய எந்த வரியிலும் இல்லை. இழை அறுந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்கி 'மத்தியான வணக்கம்' சொல்லித் தப்பவும் வழியில்லை. இங்கிலீஷ் தொண்டைவரை வந்தது. கதவைப் பார்த்தேன், செம்மஞ்சள். இருபது பிள்ளைகளும் நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பல் இல்லாதவள் இடுப்பில் கை வைத்துவிட்டாள்.

தெரிந்த சொற்களைப் பொறுக்கினேன். 'மூ' அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"லெத்ரா," என்றேன். எழுத்து. காலைக் காட்டித் தலையசைத்தேன். "பியே, நோ." கால் கூடாது. பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன். "லா லெத்ரா எஸ் மாஎஸ்த்ரா. மீ மாஎஸ்த்ரா."

எழுத்துத்தான் ரீச்சர். என் ரீச்சர்.

சரியா பிழையா என்று தெரியாது. முன்பல் இல்லாதவளுக்கு விளங்கிவிட்டது. அவள் திரெக்தோராவின் பக்கம் திரும்பி, பொறுமையில்லாத குரலில் நீளமாக ஏதோ விளக்கம் சொன்னாள். இடையில் மாஎஸ்த்ராவைக் காட்டி, மிதிக்கிற மாதிரி காலை உதறி, "நோ!" என்று விரலை ஆட்டினாள். ரீச்சரை யாராவது மிதிப்பார்களா என்று கேட்டிருக்கிறாள். மாஎஸ்த்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் வீடு போய், அட்டை நீலத்துக்குத் திரும்பிய பிறகு திரெக்தோரா என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"பாட்டு, தேதி எல்லாம் கேட்டபோது எனக்குக் கவலையாக இருந்தது," என்றார். "ஒரு பிழையும் இல்லை. அதுதான் கவலை. பாடமாக்கியிருக்கிறீர்கள். ஒரு பிள்ளை விழுந்து அழுதால் எந்த வரியைத் தேடுவீர்கள் என்று யோசித்தேன். வேண்டாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன்."

ஒரு பிழையும் விடாததற்குக் கவலையா! எங்கள் ஊரில் அதற்குப் பரிசு தருவார்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"பிறகு நீங்கள் ஒரு வசனம் சொன்னீர்கள். அதை உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நீங்களே கட்டிச் சொன்னீர்கள். அப்படி ஒரு வசனம் சொல்ல முடிந்தவர் மற்றதையும் சொல்வார். திங்கட்கிழமை முதல் நீங்கள் எங்கள் நிரந்தர ஆள்."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கையுறை போடக்கூட மறந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். மறுபக்கம் மெசின் இரைச்சல் காதைப் பிளந்தது.

"அண்ணை, என்ர இடத்தை இனிப் பிடிச்சு வைக்கத் தேவையில்லை."

"என்ன பிள்ளை, வேற பக்டரியோ?"

"இல்லை அண்ணை. பள்ளிக்கூடம். நிரந்தரமாம்."

ஃபோனை விட்டு முகத்தைத் திருப்பி அண்ணை போட்ட சத்தம் தூரத்தில் கேட்டது.

"பிள்ளையள், மெசினை நிப்பாட்டுங்கோ!"

நான் அங்கே இருந்த காலத்தில் யாருக்காவது கையில் அடிபட்டாலொழிய அந்த மெசின் நின்றதில்லை. ஒருத்தியின் பிறந்தநாளுக்கு நின்றதில்லை, ஒருத்தியின் வீட்டுச் சாவுக்கு நின்றதில்லை. இரைச்சல் குறைந்து, குறைந்து, அடங்கியது. என்னோடு பதினொரு வருடம் மூடி அடுக்கிய பெண்கள் யாருக்கு என்ன நடந்தது என்று பதறிக் கேட்பது தெளிவாகக் கேட்டது.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை," என்றார் அண்ணை. "எங்கட பிள்ளை ஒண்டு ரீச்சராகிட்டுது."